பெட்டிக்குள் பெட்டிமீன்: ரசனையின் எல்லை குறித்து

கடல்நீர்த் தொட்டியில் மீன் வளர்ப்பவர்களிடையே பெட்டிமீனுக்கென்று ஒரு தனி மவுசு உண்டு. பகடைக்காய் அளவு உடல், பளீரென்ற மஞ்சள், அதன்மேல் மை தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள், குவிந்த சிறு வாய், உடலை அசைக்காமல் சின்னஞ்சிறு துடுப்புகளை மட்டும் படபடத்து நகரும் விதம். ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. வண்ணமீன் கடைக்குள் நுழையும் குழந்தை விரல் நீட்டிக் கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான். அந்த விரலோடு எனக்குச் சண்டையில்லை. விரல் காட்டிய திசையில் பணப்பையைத் திறக்கும் பெரியவர்களோடுதான் சண்டை. பெட்டிமீனை வீட்டுத் தொட்டியில் வளர்க்கக் கூடாது என்பது என் தரப்பு. 'கவனத்தோடு வளர்க்கலாம்', 'அனுபவசாலிகள் வளர்க்கலாம்' என்ற சமரசங்களையும் சேர்த்தே மறுக்கிறேன்.

இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் மீன்தொட்டியைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். மீன்தொட்டிக்காரர்கள் தம் பொழுதுபோக்குக்கு ஆதரவாக முன்வைக்கும் சொற்கள் அழகு, ரசனை, இயற்கை நேசம் ஆகியவை. இவை நாம் அன்றாடம் புழங்கும் சொற்கள். ஒரு சொல் எந்தச் செயலுக்குப் போர்வையாகிறது என்று கேட்பது வாசகனின் வேலை இல்லையென்றால், வேறு யாருடைய வேலை?

முதலில், விற்கப்படுவது எது என்று பார்ப்போம். கடைகளில் அதிகம் காணப்படும் மஞ்சள் பெட்டிமீனின் அறிவியல் பெயர் ஆஸ்ட்ராசியான் க்யூபிகஸ். 1758இல் லின்னேயஸ் இட்ட பெயர். செங்கடலில் தொடங்கி இந்தியப் பெருங்கடல் முழுவதும் பரவி, பசிபிக் தீவுகள்வரை பவளத்திட்டுகளில் வாழ்வது. மன்னார் வளைகுடாவிலும் இக்குடும்பத்து மீன்கள் உண்டு. கொம்புள்ள வகையைக் கடமாடு என்று நம் கடற்கரையில் அழைப்பார்கள். இவற்றின் உடலைச் சுற்றிச் சாதாரணச் செதில்கள் கிடையாது. அறுகோணத் தகடுகள் ஒன்றோடொன்று இறுகி, எலும்பாலான ஒரு பெட்டியாகவே ஆகிவிட்டிருக்கும். கண், வாய், செவுள், துடுப்பு, வால் ஆகியவற்றுக்கு மட்டும் அதில் திறப்புகள் இருக்கும்.

கடைத் தொட்டியில் நாம் காணும் மஞ்சள் பகடை இம்மீனின் குஞ்சு. வளர வளர மஞ்சள் மங்கும். புள்ளிகள் சிறுக்கும். உடல் நீளும். முதிர்ந்த ஆண்மீன் நீலமும் சாம்பலும் கலந்த வேறொரு நிறத்தை அடைந்திருக்கும். முழு வளர்ச்சியில் இதன் நீளம் 45 செ.மீ. வரை போகும். கைவிரல் நகத்தளவு இருந்த ஒன்று முழங்கை நீளத்துக்கு வளர்கிறது. வாங்குபவர் யாரும் இந்த முதிர்ந்த மீனைக் கேட்டு வாங்குவதில்லை. அவர் வாங்குவது ஓர் உயிரின் குழந்தைப்பருவத்தை. அந்தப் பருவம் முடிந்தபின் மிஞ்சும் உயிருக்கு அவரிடம் இடமும் இல்லை, விருப்பமும் இல்லை. எனவே இவ்வியாபாரம் மீனின் மரணத்தைத் தன் கணக்கில் முன்கூட்டியே எழுதிக்கொண்டுதான் நடக்கிறது. இரண்டு மூன்று மாதங்களில் செத்துப்போனால் கடைக்காரருக்கும் நஷ்டமில்லை, வாங்கியவருக்கும் இடப்பிரச்சினை இல்லை.

இது மிகையான குற்றச்சாட்டு என்று நினைப்பவர்கள் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். பலர் வீட்டு வரவேற்பறையில் இருப்பது நான்கடித் தொட்டி. 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்புவரை நிரப்பினால் 243 லிட்டர். கல்லும் மணலும் போட்டபின் அதுவும் குறையும். இதில் 45 செ.மீ. மீன் ஒன்று. தொட்டியின் அகலமும் மீனின் நீளமும் ஒன்றே. மற்ற மீன்களாவது உடலை வளைத்துத் திரும்பும். இதன் உடல் வளையாது. அது எலும்புப் பெட்டி. கண்ணாடியில் மூக்கும் வாலும் உரசாமல் ஒருமுறை முகம் திருப்பக்கூட முடியாத இடத்தில் அதை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்கு நேசம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அடுத்தது விஷம். பெட்டிமீனைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் ஒருவித கிளர்ச்சியோடு குறிப்பிடும் விஷயம் இது. இம்மீன் அச்சுறுத்தப்பட்டாலோ, நோயுற்றாலோ, சாகும் தறுவாயிலோ தன் தோலிலிருந்து ஒரு நஞ்சைச் சுரக்கும். 1964இல் டொனால்ட் தாம்சன் என்ற ஆய்வாளர் இதை 'சயன்ஸ்' இதழில் விவரித்து ஆஸ்ட்ரசிடாக்ஸின் என்று பெயரிட்டார். 1967இல் பாய்லன், ஷாயர் இருவரும் அதன் வேதியியல் அமைப்பைக் கண்டறிந்து பஹுடாக்ஸின் என்றார்கள். ஹவாய் மொழியில் பஹு என்றால் பெட்டி. நீளமான கொழுப்பு அமிலத்தோடு கோலின் இணைந்த, சோப்பைப் போன்ற தன்மையுள்ள சேர்மம் அது. நீரில் கலந்து மற்ற மீன்களின் செவுள்களைத் தாக்கும், சிவப்பணுக்களைச் சிதைக்கும். தொட்டியில் உள்ள அத்தனை மீன்களும் சிறிது நேரத்தில் செத்து மிதக்கலாம். அளவு மிகுந்தால் சுரந்த மீனும் தப்பாது.

இங்கேதான் நான் வாசகரை நிறுத்த விரும்புகிறேன். இந்த விஷயத்தை மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் தொனியைக் கவனியுங்கள். 'என் தொட்டியை அழித்துவிட்டது' என்பார்கள். குற்றவாளி மீன், பாதிக்கப்பட்டவர் உரிமையாளர். நடந்தது என்ன? பவளத்திட்டில் ஒரு பெரிய மீன் இதைக் கவ்வ வரும். தோல் நஞ்சைக் கசியும். கவ்விய மீன் துப்பிவிட்டு விலகும். அலையும் நீரோட்டமும் நஞ்சைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். பெட்டிமீன் தன் வழியே போகும். மெதுவாக நீந்தும், ஓடித் தப்ப முடியாத ஓர் உயிருக்குப் பரிணாமம் கொடுத்த பாதுகாப்பு இவ்வளவுதான். கடலின் அளவுக்கு ஏற்ப உருவான பாதுகாப்பு அது. 243 லிட்டரில் அதே துளி படுகொலையாகிறது. கரைக்க நீரோட்டம் இல்லை, விலகிப்போக இடமில்லை. கொலைக்குக் காரணம் நஞ்சு என்பதைவிட, நஞ்சைச் சூழ்ந்திருக்கும் நான்கு கண்ணாடிச் சுவர்கள் என்பதே பொருந்தும்.

தொட்டியில் அது எதற்கு அஞ்சுகிறது? வலைக்கு. விளக்கு சட்டென்று அணைவதற்கும் எரிவதற்கும். துடுப்பைக் கடிக்கும் சக மீனுக்கு. கண்ணாடியைத் தட்டும் விருந்தாளிக்கு. மெதுவாக நீந்தும் மீன் என்பதால் தீனிப் போட்டியில் பின்தங்கிப் பட்டினியாகவும் கிடக்கும். பட்டினி நோயைக் கொண்டுவரும். நோய் நஞ்சைக் கொண்டுவரும். இதற்கெல்லாம் தீர்வாகக் கரி வடிகட்டி, நுரை பிரிக்கும் கருவி, அவசரத்துக்கு நீர் மாற்றுதல் என்று ஒரு பட்டியலைத் தருகிறார்கள். அச்சத்தைத் தெரிவிக்கும் வழி ஒன்றே ஒன்றுதான் இம்மீனுக்கு வாய்த்திருக்கிறது. அதையும் உறிஞ்சி எடுத்துவிடும் ஏற்பாட்டைப் பராமரிப்பு என்கிறோம்.

பெட்டிமீனில் நாம் எப்போதும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு வேறொரு துறையிலிருந்து ஓர் உதாரணம். 2005இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 'பயோனிக்' என்ற மாதிரிக் காரைக் காட்சிக்கு வைத்தது. மஞ்சள் பெட்டிமீனின் வடிவத்தைப் பின்பற்றியது. கட்டம் கட்டமான உடல் இருந்தும் நீரைக் கிழித்துச் செல்லும் அற்புத வடிவம், தானாகவே நிலைகொள்ளும் உடல் என்றெல்லாம் புகழப்பட்டது. காரின் காற்றெதிர்ப்புக் கெழு 0.19 என்பது அக்காலத்தில் வியக்கத்தக்க எண்தான். ஆனால் 2015இல் சாம் வான் வாசன்பெர்க்கும் சகாக்களும் ராயல் சொசைட்டியின் ஆய்விதழொன்றில் வெளியிட்ட ஆய்வு இக்கதையைக் கவிழ்த்தது. பெட்டிமீனின் உடல்வடிவம் நீரெதிர்ப்பைக் குறைப்பதில் தனித்திறன் கொண்டதல்ல என்றும், அது உடலை நிலைப்படுத்துவதற்குப் பதிலாக நிலைகுலையச் செய்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். அந்த நிலைகுலைவே அதன் பலம். பவளக் கிளைகளின் இடுக்குகளில் சட்டென்று திரும்பவும் சுழலவும் அதுவே உதவுகிறது.

இம்முடிவைத் தொட்டியின் அருகில் வைத்துப் பாருங்கள். இந்த உடல் பவளக்காட்டின் ஆயிரம் வளைவுகளுக்காக உருவானது. நேர்கோட்டு வேகம் அதன் தேவையே இல்லை. கார் நிறுவனம் அதில் கார் ஒன்றைக் கண்டது. மீன் வளர்ப்பவர் அதில் உயிருள்ள பொம்மை ஒன்றைக் காண்கிறார். இருவருமே, அவ்வுயிர் எந்த இடத்துக்காக அப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

தமிழில் இலக்கணம் படித்தவர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. நம் திணைக் கோட்பாடு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. புள்ளும் விலங்கும் மரமும் மீனும் அதற்கடுத்து வரும் கருப்பொருள்கள். முதற்பொருளை நீக்கிவிட்டுக் கருப்பொருளை மட்டும் தனியே எடுத்து ரசிக்கும் வழி அந்த அழகியலில் இல்லை. அது வெறும் இலக்கண வசதி என்று நினைத்திருந்தவர்கள் பெட்டிமீனைப் பார்த்து மறுபரிசீலனை செய்யலாம். நெய்தலின் சிறுபொழுதாகத் தொல்காப்பியம் எற்பாட்டைச் சொல்கிறது. பொழுது சாயும் நேரம் என்பது பலர் கொள்ளும் உரை. பெட்டிமீன்களின் இனப்பெருக்கமும் அந்திப்பொழுதில்தான் நடக்கிறது. 1979இல் ஜாக் மோயர், ஜப்பானின் மியாக்கெ தீவை ஒட்டிய கடலில் இவற்றைக் கவனித்து எழுதினார். ஓர் ஆண் தன் எல்லைக்குள் வாழும் பெண் மீன்களைத் தேடிச் செல்லும். இருள் கவியும் நேரத்தில் இணை ஒன்று சேர்ந்து நீர்மட்டத்தை நோக்கி எழும். உச்சியில் முட்டைகளும் விந்தும் நீரில் கலந்து, நீரோட்டத்தோடு போகும். இக்குடும்பத்துப் புள்ளிப் பெட்டிமீன் அந்நேரத்தில் ஒரு ரீங்காரமும் எழுப்புகிறது என்று 1996இல் ஃபிலிப் லோபல் பதிவுசெய்தார்.

அந்த ரீங்காரத்தை எந்த வரவேற்பறையும் கேட்டதில்லை. தொட்டியில் அந்தி என்பது மின்விளக்கின் விசை. எழுவதற்கு உயரம் இல்லை. சேர்வதற்கு இணை இல்லை. ஒரே தொட்டியில் இரண்டு வைத்தால் ஆபத்து இரட்டிப்பாகும் என்பதால் தனியாகத்தான் வைக்கிறார்கள். ஆக, வீட்டில் இருப்பது பெட்டிமீனின் தோல்நிறம் மட்டும். அந்த நிறத்தையும் காலம் எடுத்துக்கொண்டுவிடும் என்று மேலே சொன்னேன்.

இனி மாற்றுத் தரப்புகளுக்கு வருகிறேன்.

'நீங்கள் மீன் சாப்பிடுவதில்லையா?' என்பது எப்போதும் முதலில் வரும் கேள்வி. சாப்பிடுகிறேன். கொலையே கூடாது என்று இக்கட்டுரையில் எங்கும் நான் சொல்லவில்லை. உணவுக்காக மீன் பிடிப்பவரும் உண்பவரும் அந்த மீனை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. தம் செயலின் பெயர் அவர்களுக்குத் தெரியும். பட்டினியையும் அச்சத்தையும் மாதக்கணக்கில் ஓர் உயிர்மேல் சுமத்திவிட்டு, அதையே இயற்கை நேசம் என்று குழந்தைக்கு அறிமுகப்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன். பொய்யான பெயரில் நடக்கும் செயல் பெயர் தெரிந்து நடக்கும் செயலைவிட மோசமானது.

'அனுபவசாலி ஆயிரம் லிட்டர் தொட்டியில், வேறு மீன் எதுவும் விடாமல், பல ஆண்டுகள் வளர்க்க முடியுமே' என்பது அடுத்தது. முடியும், சிலர் செய்கிறார்கள். ஆனால் சந்தை அவர்களுக்காக நடக்கவில்லை. கடைக்காரர் பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்துக் கொடுக்கும்போது உங்கள் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்பதில்லை. விதிவிலக்கான ஒருவரைக் காட்டி விதியை நியாயப்படுத்துவது எல்லாப் பொழுதுபோக்குகளிலும் உள்ள தந்திரம். தவிர, அந்த ஆயிரம் லிட்டரிலும் அது அந்தி தெரியாத, இணை தெரியாத உயிர்தான். உயிரோடு இருப்பதும் வாழ்வதும் ஒன்றா என்ற கேள்வியை இலக்கியம் மனிதர்களுக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. அதை மனிதரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது?

மூன்றாவது தரப்பு வலுவானது. ஏழை மீனவர்களின் வாழ்வாதாரம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் சார்ந்த உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி வரையிலான கடல் வண்ணமீன்கள் விற்பனையாவதாக மதிப்பிட்டது. உணவுக்குப் பிடிக்கும் திட்டுமீன் கிலோ 6 டாலர் பெறும் தீவுநாட்டில், வண்ணமீன் கிலோ ஏறத்தாழ 500 டாலர் பெறுவதையும் அது சுட்டியது. திட்டுகளைக் காக்க இதைவிடப் பொருளாதார ஊக்கம் வேறில்லை என்று சொல்பவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதே அறிக்கை, தொட்டிச் சூழலுக்குப் பழகாத மீன்களும் பெருமளவில் விற்கப்படுவதைக் குறையாகச் சொல்கிறது. வாழ்வாதாரம் என்ற வாதம் நிற்கவேண்டுமானால் அது தொட்டியில் தழைக்கும் இனங்களின்மேல்தான் நிற்கமுடியும். வந்தவை செத்துக்கொண்டே இருப்பதால் மீண்டும் மீண்டும் பிடிக்கவேண்டியிருக்கும் வியாபாரத்தில் மீனவருக்குக் கிடைப்பது கூலி, திட்டுக்கு மிஞ்சுவது காலி இடம். பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய சயனைடு முறையையும் மறக்கவேண்டாம். சயனைடைக் கரைத்துப் பவள இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கிய மீனை அள்ளுவார்கள். மீனுக்கான விலை நமக்குத் தெரியும். செத்துப்போன பவளத்துக்கான விலையை எந்தக் கடையும் ரசீதில் எழுதுவதில்லை.

'குழந்தைகள் கடலைப் பற்றி எப்படித்தான் அறிந்துகொள்வது?' என்பது கடைசிக் கேள்வி. வழி இருக்கிறது. கோமாளிமீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து வளர்க்கும் முறை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. மண்டபத்தில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமே அதைச் செய்துகாட்டியிருக்கிறது. தொட்டியில் பிறந்து, தொட்டியின் அளவுக்குள் முதிர்ந்து, தொட்டியிலேயே முட்டையிடும் மீன் அது. பிறப்பும் வளர்ச்சியும் முதுமையும் குழந்தையின் கண்முன் நடக்கும். பெட்டிமீன் கற்றுத்தரும் பாடம் வேறு. அழகானது வீட்டுக்கு வரும், சில மாதங்களில் சாகும், அப்பா இன்னொன்று வாங்கித் தருவார் என்பதே அப்பாடம். இதை மனதில் ஏந்தி வளரும் தலைமுறை நாளை காட்டையும் ஆற்றையும் எப்படி அணுகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் வரட்டும், அரசு தடுக்கட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இது ஒரு கடையில், ஒரு கணத்தில், ஒருவர் எடுக்கும் முடிவு. கடைக்காரரிடம் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும்: இந்த மீன் எவ்வளவு பெரிதாகும்? இது பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? சந்தைக்கு வரும் பெட்டிமீன்களில் அநேகமாக எல்லாமே கடலில் பிடித்தவைதான். விடை தெரிந்தபின்னும் வாங்குபவர் வாங்கட்டும். ஆனால் அதன்பிறகு ரசனை என்ற சொல்லை அவர் பயன்படுத்தக் கூடாது. அந்தக் குழந்தையிடமும், 'அது அங்கேயே இருக்கட்டும், நாம் பார்த்துவிட்டுப் போவோம்' என்று சொல்லும் தைரியம் நமக்கு வரவேண்டும். ரசனையை அங்கிருந்து கற்றுத்தரத் தொடங்கலாம்.